நதானியேலும் நாலு அல்டனேட்டர்களும்

"கதைக்காதேங்கோ. அவர் ஏதோ சொல்லுறார்."

நீட்டு ஸ்குரூட்றைவர் ஒன்றின் முனையை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் நதானியேல். வாகனத்தின் சொந்தக்காரர் மூச்சை அடக்குகிறார். மதிலுக்கு அப்பால் கத்தும் சேவலும் அடங்கினால் நல்லது என்பதுபோல நதானியேலின் இடது கை காற்றில் ஒரு தட்டுத் தட்டுகிறது. அரை நிமிடம் போகிறது. பிறகு கண் திறக்கிறது, தலை இரண்டு தரம் ஆடுகிறது, தீர்ப்பு வருகிறது.

"அவர் நல்லா உழைக்கிறார். அவதான் சேத்து வைக்கிறா இல்லை."

"அவர்" என்றால் அல்டனேட்டர். எஞ்சின் சுற்றும்போது கூடச் சுற்றி மின்சாரம் ஆக்குகிற, தேங்காயளவு உருண்டைச் சாமான். "அவ" என்றால் அந்த மின்சாரத்தை வாங்கி வைத்திருக்கிற பற்றறி. ஐம்பத்தாறு வயதுக்குள் முப்பத்திரண்டு வருடமாக இந்தக் குடும்ப வழக்கைத்தான் நதானியேல் விசாரித்து வருகிறார். பெரும்பாலும் குற்றவாளி அவதான். சேர்த்து வைக்கத் தெரியாத குற்றத்துக்காகச் சண்டிலிப்பாயிலும் சுற்றுவட்டாரத்திலும் தள்ளிவைக்கப்பட்ட பற்றறிகளுக்கு அளவில்லை. ஒருமுறை அவருடைய மனைவி நேசம்மா குசினி யன்னலால் எட்டி, "அவர் உழைக்கிறதை ஆர் கண்டது?" என்று கேட்டார். அது வாகனத்தைப் பற்றிய கேள்விதானா என்று நிச்சயமாகத் தெரியாததால் நதானியேல் குனிந்து பெல்ற்றைப் பார்த்தார்.

வீட்டு முற்றத்தில் தகரம் போட்ட கொட்டகைதான் கராஜ். அதற்குள் எண்ணெய் படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அவருடைய வெள்ளைச் சேட்டு. கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, கையை இரண்டே மடிப்பாக மடித்து, தோளில் ஒரு துவாயோடு நிற்பார். "மெக்கானிக் எண்டு சொல்லாதேங்கோ. மெக்கானிக் கழட்டிப் பூட்டுறவன். நான் டயக்னோசிஸ் செய்யிறவன்." டயக்னோசிஸ் என்ற சொல்லை மட்டும், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த உச்சரிப்போடு, வேதபாடம் வாசிக்கிறமாதிரி நிறுத்திச் சொல்வார். கழற்றிப் பூட்டுவதும் அவர்தான் என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால், எல்லாரோடும் சேர்ந்து மூடிக்கொண்டு, கூரையில் சுற்றும் விசிறியின் பெயரிங்குக்கு என்ன நோய் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆமென் சொன்ன கையோடு பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் குனிவார். "ஆறு மாதம் தாங்காது." அந்த விசிறி பதினோராவது வருடமாகச் சுற்றுகிறது.

அவரிடம் மீற்றர் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இருக்கிறது. லண்டனில் இருக்கும் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த, மின்னழுத்தம் அளக்கிற மஞ்சள் நிற டிஜிற்றல் மீற்றர். வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள், பிளாஸ்ரிக் உறை கழற்றாமல், கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்களுக்குக் காட்டுவார். பாவிப்பதில்லை. "மீற்றர் பாக்கிறது காது கேளாத ஆக்களுக்கு" என்பார்.

எல்லாவற்றுக்கும் உச்சம் அவருடைய சோதனை. புது அல்டனேட்டரைப் பூட்டி முடித்ததும் எஞ்சினை இயக்கச் சொல்வார். சொந்தக்காரரையும், தெருவால் போகிறவர் யாராவது நின்று பார்த்தால் அவரையும், முன்னுக்கு வரச் சொல்வார். பற்றறியின் கறுத்த வயரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓட ஓடவே அந்த வயரைப் படக்கென்று இழுத்துத் தூக்குவார். ஒரு பொறி பறக்கும். லைற்றுகள் ஒருகணம் பளீரென்று வெளுக்கும். எஞ்சின் நிற்காது.

"பாருங்கோ, அவ இல்லாமலே அவர் ஓடுறார். இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?"

வயரை உயர்த்திப் பிடித்தபடி சிறிது நேரம் நிற்பார். கைதட்டு வருவதில்லை. வந்தால் தட்டுவதற்கு வேண்டிய நேரத்தை அவர் கொடுத்துவிடுவார்.

கொட்டகையின் பின்சுவரில் ஒரு பலகைத்தட்டு. அதில் வரிசையாகச் செத்துப்போன அல்டனேட்டர்கள், பதினாலு. எல்லாம் அவர் பூட்டி, அவர் சோதித்து, சோதனையில் சித்தியடைந்து, பிறகு ஒரு நாளிலோ ஒரு கிழமையிலோ உயிரை விட்டவை. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்றால் கொலைகாரனின் பெயர் எழுதியிருக்கும். "பற்றறி." "மழைத்தண்ணி." "பாட்டுப்பெட்டி." "வாகனம் ஓடினவன்." ஏழில் ஒரே பெயர்: "சுபாஸ்கரன்."

சுபாஸ்கரன் மானிப்பாயில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவன். யப்பானிலிருந்து வரும் பழைய அல்டனேட்டர்களைத் திருத்தி, ஆறு மாத உத்தரவாதத்தோடு விற்றான். நதானியேல் பூட்டியவை திரும்பி வரத் தொடங்கியதும், "அண்ணை, இஞ்சை மேசையிலை வைச்சுச் சுத்திப் பாத்துத்தான் தாறன். உங்கடை இடத்திலை என்ன நடக்குது எண்டு தெரியேல்லை" என்று ஒருநாள் வந்து பணிவாகச் சொன்னான். நதானியேல் அதை அப்படியே தலைகீழாக்கி, "உவன் செத்த சாமான் விக்கிறான். பிடிபட்டவுடனை என்ரை வாசலிலை வந்து நிண்டு அழுறான்" என்று சந்தியெல்லாம் சொன்னார். டயக்னோசிஸ் செய்கிறவர் சொன்னால் ஊர் கேட்கும். போன வருடம் சுபாஸ்கரன் கடையைப் பூட்டிவிட்டு வவுனியாவில் யாரோ ஒருவருடைய கராஜில் வேலைக்குப் போனான். நதானியேல் அந்தக் கிழமை கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துக் கதைத்தார் என்று நேசம்மா சொல்கிறார்.

நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமை குணலட்சுமியின் வான் வந்தது.

குணலட்சுமி சண்டிலிப்பாயில் வான் ஓட்டுகிறவர், நாற்பத்து மூன்று வயது. திங்களும் வியாழனும் விடியற்காலையில், சிறுநீரகம் பழுதான மூன்று பேரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோவார். அவர்கள் மெசினில் கிடக்கும் நாலு மணித்தியாலமும் வாசலில் காத்திருந்து, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். மூவரில் மூத்தவர் நமசிவாயம். எழுபத்தொரு வயது, புகையிலைத் தோட்டக்காரர். உடம்பில் மற்றதெல்லாம் தளர்ந்தபிறகும் நாக்கு மட்டும் தளராதவர்.

வானில் இருந்த பழைய அல்டனேட்டர் பன்னிரண்டு வருடம் உழைத்து, பெயரிங் தேய்ந்து, முறைப்படி செத்தது. அதில் நதானியேலுக்குப் பங்கில்லை. அவர் நகரத்திலிருந்து ஒன்று எடுப்பித்துப் பூட்டினார். சோதித்தார். பொறி பறந்தது. "இனிப் பத்து வருடத்துக்கு இந்தப் பக்கம் வராதேங்கோ, தங்கச்சி" என்று அனுப்பிவைத்தார். தங்கச்சி மூன்றாம் நாள் வந்தார். காலையில் ஸ்ரார்ட் வரவில்லை. டாஷ்போட்டில் பற்றறிப் படம் போட்ட சிவப்பு லைற் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது.

"அது புது மாப்பிள்ளையின்ரை கூச்சம். ரெண்டு நாளிலை பழகிடுவார்."

பழகவில்லை. உடனே அவ குற்றவாளியானா. குணலட்சுமி புதுப் பற்றறி வாங்கினார். அதுவும் இரண்டு நாளில் படுத்தது. நதானியேல் பெல்ற்றைக் குற்றஞ்சாட்டினார். பெல்ற் மாறியது. எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகிற எர்த் வயரைக் குற்றஞ்சாட்டி, சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு வயரைப் போட்டார். கடைசியில் வானுக்குள் குற்றவாளி இல்லாமல் போகவே, வெளியே தேடினார். "பகலிலை லைற்றைப் போட்டுக்கொண்டு ஓடுறியளோ?" என்று கேட்டார். இல்லை என்றார் குணலட்சுமி. "பொம்பிளையள் கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டே ஓடுவினம். அதுதான் அவர் எவ்வளவு உழைச்சாலும் காணாது." கிளச்சுக்கும் சார்ஜுக்கும் என்ன சம்பந்தம் என்று குணலட்சுமி கேட்கவில்லை. பதினெட்டு வருடமாக வாகனம் ஓட்டுகிறவர் அவர். கேட்டால் நதானியேல் விளங்கப்படுத்தத் தொடங்கிவிடுவார் என்ற பயம்தான்.

இரண்டாவது அல்டனேட்டர் வந்தது. பூட்டி, சோதித்து, வயரை உயர்த்திப் பிடித்து, எல்லாம் முறைப்படி நடந்தது.

அடுத்த வியாழன் காலை ஆறேகால் மணிக்கு, ஆனைக்கோட்டைச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், வான் இரண்டு தரம் இருமி நின்றது. ஹோணும் அடிக்கவில்லை. உள்ளே மூன்று நோயாளிகள். குணலட்சுமி நடுத்தெருவில் நின்று கையை விரித்து, வெங்காயம் ஏற்றி வந்த லொறியை மறித்தார். மற்ற இருவரும் சாரதிக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு ஏற, நமசிவாயத்தை வெங்காய மூட்டைகளுக்கு மேலே ஏற்றிவைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை போய்விட்டது. மெசினில் வேறொருவர் கிடந்தார். மத்தியானம் ஒரு மணிவரை வாசலோர மர வாங்கிலில் இருந்தார். கால் வீங்கி, சப்பாத்துக்குள் நுழைய மறுத்தது. மூச்சு வாங்கத் தொடங்க, தாதி ஒருத்தி ஓடிவந்து ஒட்சிசன் வைத்தாள். அந்த நிலையிலும் நமசிவாயம் முகமூடியை ஒதுக்கிவிட்டு, "வெங்காயம் நல்ல வெங்காயம் பிள்ளை. நான் பயப்பிடேல்லை, கண்ணீர் வந்தது அதாலைதான்" என்றாராம்.

குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காத்திருந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கைத்தொலைபேசிக் கடைக்குப் போய், வானில் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டைக்குள் செருகுகிற ஒரு சின்னச் சாமான் வாங்கினார். போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம். பற்றறி எந்த அளவில் நிற்கிறது என்று சிவப்பு எழுத்தில் இலக்கமும் காட்டும். கடைக்காரப் பெண் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். எஞ்சின் ஓடேக்கை பதினாலுக்குக் கிட்ட நிண்டால் சார்ஜ் ஏறுது. பன்னிரண்டுக்குக் கிட்ட நிண்டால் ஏறேல்லை.

சனிக்கிழமை மூன்றாவது அல்டனேட்டர். நமசிவாயமும் வந்திருந்தார். அவர் வரவேண்டிய தேவையே இல்லை. "என்னை வெங்காயத்திலை ஏத்தினவரை ஒருக்காப் பாக்கவேணும்" என்று சொல்லி முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டாராம். கராஜில் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே இருந்தார்.

நதானியேல் பூட்டி முடித்து, கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். உள்ளே சிவப்பாக ஏதோ மினுங்குவதைக் கண்டார்.

"என்ன உது?"

"போன் சார்ஜ் பண்ணுறது அண்ணை. நம்பரும் காட்டும்."

"விளையாட்டுச் சாமான்" என்றார் நதானியேல். "சரி, ஸ்ரார்ட் பண்ணுங்கோ."

எஞ்சின் பிடித்தது. இலக்கம் ஏறி ஏறிப் போய் 14.2 இல் நின்றது.

"அண்ணை, பதினாலு தசம் ரெண்டு. ஏறுது!" குணலட்சுமியின் குரலில் கன நாளாக இல்லாத தெளிவு. "இனிக் காணும் அண்ணை. மூடுங்கோ, நாங்கள் போறம்."

"நம்பர் சொன்னால் காணுமோ? சோதிக்கவேணும்."

நட்டுத் தளர்ந்தது. வயர் மேலே எழும்பியது. பொறி பறந்தது. சிவப்பு இலக்கம் 19 என்று ஒருதரம் துள்ளி, அணைந்து, எஞ்சின் விக்கியது. நதானியேல் வயரைத் திரும்பவும் வைத்தார். வெற்றியோடு நிமிர்ந்து, வழக்கமான வசனத்துக்கு வாயைத் திறந்தார்.

"அண்ணை" என்றார் குணலட்சுமி. "பன்னிரண்டு தசம் நாலு."

"பொறுங்கோ. அவருக்கு மூச்சு வரட்டும்."

பொறுத்தார்கள். 12.3 ஆனது. எஞ்சினை இரைய விட்டார்கள். 12.3. பிறகு 12.2.

"இப்ப பதினாலிலை நிண்டது. நீங்கள் வயரைப் புடுங்கினியள். பன்னிரண்டுக்கு வந்திட்டுது. நான் கண்ணாலை பாத்துக்கொண்டிருந்தனான்."

"உந்தச் சாமான் சூட்டுக்குப் பிழை காட்டும், தங்கச்சி."

"அப்ப உங்கடை மீற்றரை எடுங்கோ."

அலுமாரிக்குள் இருந்த மஞ்சள் மீற்றரை நேசம்மாதான் எடுத்து வந்தார். கணவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. உறையைக் கிழித்தார்கள். பொத்தானைத் திருப்பினால் ஒன்றும் தெரியவில்லை. பின்மூடியைக் கழற்ற, உள்ளே இருந்த சதுரப் பற்றறி வெள்ளைப் பொடியாகப் பூத்துப்போய்க் கிடந்தது. குணலட்சுமி சந்திக் கடைக்கு நடந்துபோய்ப் புதிது வாங்கிவந்தார். அந்தப் பத்து நிமிடமும் நதானியேல் தோளில் கிடந்த துவாயை உதறி உதறி மடித்தார்.

மஞ்சள் மீற்றரும் 12.2 என்றது. கொட்டகைக்குள் வேலைக்கு நின்ற ஓட்டோ ஒன்றை ஸ்ரார்ட் பண்ணி, நதானியேல் அதிலும் மீற்றரை வைத்துப் பார்த்தார். 14.1. மீற்றரில் பிழையில்லை.

அப்போதுதான் நமசிவாயம் வாயைத் திறந்தார். குரலில் கோபமில்லை, அதுதான் கேட்கக் கடினமாக இருந்தது.

"தம்பி, நீர் படிச்சவர். எனக்கு உந்த வயர் அலுவல் தெரியாது. ஆனா கிழமைக்கு ரெண்டு தரம் என்னையும் ஒரு மெசினிலை கொழுவி வைக்கினம். மெசின் ஓடிக்கொண்டிருக்கேக்கை ஒரு நேர்ஸ் குழாயைப் படக்கெண்டு இழுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, 'பாருங்கோ, கிழவன் இன்னும் சாகேல்லை' எண்டு காட்டினதை நான் காணேல்லை."

நேசம்மா குசினிக்குப் போய்விட்டார். சிரிப்பதற்கோ என்னவோ.

நதானியேலுக்கு விஷயம் விளங்காமலில்லை. அவர் முட்டாள் அல்ல. முப்பத்திரண்டு வருடமாகத் தன்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகித்தவர், அவ்வளவுதான். அல்டனேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றறியைத் திடீரென்று பிரித்தால், ஆக்குகிற மின்சாரம் போக இடமில்லாமல் ஒரே பாய்ச்சலாக மேலே எகிறும். உள்ளே அதை அடக்கி வைத்திருக்கிற சின்னச் சாமான்கள் எரிந்துபோகும். பழைய காலத்து வாகனங்கள் இந்தச் சோதனையைப் பொறுத்துக்கொண்டன. அவருக்குத் தொழில் பழக்கியவர் அவற்றில்தான் பழக்கினார். பிறகு வந்த அல்டனேட்டர்கள் பொறுக்கவில்லை. சில அந்த நிமிடமே செத்தன, சில நொண்டிக்கொண்டு ஒரு கிழமை ஓடிச் செத்தன. நோய் பார்க்க வைத்த கைதான் நோய்.

அவருடைய பார்வை தன்பாட்டில் பின்சுவர்த் தட்டுக்குப் போனது. பதினாலு. அதற்குமேல் குணலட்சுமியின் இரண்டு; அவற்றில் "கிளச்" என்று எழுதப் பெயின்ற் இன்னும் எடுக்கவில்லை. ஏழு தடவை சுபாஸ்கரன். எழுத்துக்கள் வடிவான எழுத்துக்கள். மிஷன் பள்ளிக்கூடத்து எழுத்து. அவன் வாசலில் வந்து நின்ற அன்று என்ன சேட்டுப் போட்டிருந்தான் என்பதுகூட ஞாபகம் வந்தது. நீலக்கோடு. கதிரை போட்டு இருக்கச் சொல்லவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

"நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" என்றார் குணலட்சுமியிடம். "வேறை ஒண்டு கொண்டுவந்து நான் பூட்டிவிடுறன்."

"நாளைக்கு ஞாயிறு, அண்ணை."

"ஓம். திங்களுக்கு முதல் வேணும்தானே."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. குணலட்சுமி ஒரு நிமிடம் அதற்காக நின்று பார்த்தார். பிறகு நமசிவாயத்தின் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, ஓட்டம் தாங்கும் தூரம் தெரிந்தவராக, மெதுவாக வீடுவரை ஓட்டிப் போனார்.

அன்று பின்னேரம் கராஜிலிருந்து கீறும் சத்தம் கேட்டு நேசம்மா எட்டிப் பார்த்தார். நதானியேல் ஒரு வாங்கிலில் இருந்துகொண்டு, அல்டனேட்டர் ஒவ்வொன்றையும் மடியில் எடுத்து வைத்து, மணற்கடதாசியால் வெள்ளைப் பெயின்றைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேட்டில் முதல் தடவையாகக் கரி பட்டிருந்தது. சுபாஸ்கரன் என்று எழுதியிருந்த ஏழையும் முதலில் முடித்தார். பதினாலும் வெளித்துப்போன பிறகு வரிசையாகத் தட்டில் அடுக்கினார். பெயின்ற் பேணியும் தூரிகையும் பக்கத்திலேயேதான் இருந்தன. வேறு பெயர் எழுதவில்லை.

"எழுதேல்லையோ?" என்று நேசம்மா கேட்டார்.

"பெயின்ற் காய்ஞ்சுபோச்சுது" என்றார் நதானியேல்.

ஞாயிறு நாலாவது அல்டனேட்டர் ஏறியது. 14.2. பூட்டி முடித்தபின் நதானியேலின் கைகள் வேலையில்லாமல் தொங்கின. அவருக்கு அடுத்ததாக என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே மூடியைச் சாத்தினார், திறந்தார், பெல்ற்றை அழுத்திப் பார்த்தார், மறுபடி சாத்தினார். குணலட்சுமி போகும்போது நன்றி என்று சொன்னார். அது அவருக்குப் பழக்கமான நன்றியாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிய ஐந்தே முக்காலுக்கு, சாமான் பெட்டியும் கையுமாகக் குணலட்சுமியின் படலையடியில் நின்றார்.

"நானும் வாறன். வழியிலை ஏதும் எண்டால்."

பின் ஆசனத்தில் நமசிவாயத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சிவப்பு இலக்கத்திலிருந்து எடுக்காமல் வந்தார். மானிப்பாயில் சுபாஸ்கரனின் கடை இருந்த இடத்தில் இப்போது பழக்கடை. அந்த இடம் வரும்போது பெட்டியின் பூட்டைத் திறந்து பூட்டுவதில் மும்முரமாக இருந்தார். வான் சீராக ஓடியது. 14.1. 14.2. ஆனைக்கோட்டைச் சந்தி வந்தது, போனது. இலக்கம் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்கு மெல்ல உயிர் வந்தது. தொண்டையைச் செருமினார்.

"இப்பத்தை அல்டனேட்டருக்கு ஒரு விஷயம் இருக்கு கண்டியளோ" என்று மற்ற நோயாளிகள் இருவரையும் பார்த்துத் தொடங்கினார். "எஞ்சின் ஓடேக்கை பற்றறி வயரைக் கழட்டவே கூடாது. இது கன பேருக்குத் தெரியாது. இஞ்சை உள்ள ஒரு கராஜ்காரனுக்கும் தெரியாது. டயக்னோசிஸ் செய்து பாத்துத்தான் நான் கண்டுபிடிச்சன்."

குணலட்சுமி கண்ணாடியில் ஒருதரம் பின்னால் பார்த்தார். கியரைக் கொஞ்சம் உரத்து மாற்றினார்.

"நல்ல விஷயம்" என்றார் நமசிவாயம். "கண்டுபிடிக்கேக்கை நாங்களும் கிட்டத்தான் நிண்டனாங்கள். வடிவாய் கவனிக்கேல்லைப் போலை."

நதானியேல் இலக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரி வாசலில் வான் நின்றபோது ஆறரைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நதானியேல்தான் முதலில் இறங்கினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நமசிவாயம் படியில் கால் வைக்கும்முன் பாய்ந்து வந்து, அவருடைய இடது கையை முழங்கைக்குக் கீழே இறுகப் பிடித்தார்.

"விடும், விடும்! உந்தக் கை இல்லை." நமசிவாயம் கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உதிலைதான் எனக்கு ஊசி குத்துறது. நரம்பைத் தைச்சு விட்டிருக்கினம். இறுக்கிப் பிடிச்சால் இரத்த ஓட்டம் நிண்டிடும். பேந்து மற்றக் கையிலை வெட்டித் தைக்கவேணும்."

நதானியேல் தன் இரண்டு கையையும் விரித்து ஒருகணம் பார்த்தார். பிறகு அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டு, தோளைச் சரித்துக் கொடுத்தார். கிழவர் தன் வலது கையை அதில் ஊன்றி, தானாகவே இறங்கினார்.